ஐ7 என்ற பெயரை நம்பி வாங்கலாமா?

கேள்வி: கல்லூரியில் சேரும் மகளுக்குப் பழைய லேப்டாப் பார்க்கிறேன். ஒரே கடையில், ஒரே விலையில் இரண்டு இருக்கின்றன. ஒன்று ஐ7-7500யு, 16 ஜிபி ராம். இன்னொன்று ஐ5-8250யு, 8 ஜிபி ராம். கடைக்காரர் ஐ7-ஐத்தான் எடுக்கச் சொல்கிறார். அதில் விண்டோஸ் 11 ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: ஐ5-ஐ வாங்குங்கள். ஐ5, ஐ7 என்பவை இன்டெல் நிறுவனத்தின் பிராசஸர் வரிசைகள். ஐ5-ஐவிட ஐ7 உசத்தி என்பது ஒரே தலைமுறைக்குள் ஓரளவு சரி. தலைமுறை மாறிவிட்டால் அந்தக் கணக்கு உதவாது. கோட்டுக்கு அடுத்து வரும் எண்ணைப் பாருங்கள். 7500 என்றால் ஏழாம் தலைமுறை, 8250 என்றால் எட்டாம் தலைமுறை. 10210, 1135 என்று வந்தால் முதல் இரண்டு இலக்கங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும்: பத்து, பதினொன்று. உங்களுக்குக் காட்டிய ஐ7-இல் இருப்பது இரண்டே கோர், அதாவது கணக்குப்போடும் பகுதி இரண்டுதான். ஐ5-இல் நான்கு.

விண்டோஸ் 11 வந்தது 2021 அக்டோபரில். மைக்ரோசாஃப்ட் கோடு கிழித்ததும் இந்த இடத்தில்தான். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்து ஏற்கும். ஏழாம் தலைமுறையில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில சிப்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. 7500யு அவற்றில் இல்லை. இன்னொரு பிராசஸர் நிறுவனமான ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்து தொடங்குகிறது, ஆனால் அந்த வரிசை முழுதும் பட்டியலில் கிடையாது. மாடல் எண்ணை மைக்ரோசாஃப்ட் பட்டியலில் தேடிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

‘ஓடிக்கொண்டுதானே இருக்கிறது’ என்று கடையில் சொல்வார்கள். ஓடும். சோதனையைத் தாண்டி நிறுவ வழிகள் இருக்கின்றன. ஆனால் அப்படி நிறுவிய கணினிக்கு அப்டேட் தரும் பொறுப்பு தனக்கு இல்லை என்று மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்பு பொதுவாகத் தானாக வராது, ஒவ்வொரு முறையும் யாராவது உட்கார்ந்து ஏற்ற வேண்டும். விடுதியில் தங்கிப் படிக்கப்போகும் பெண்ணுக்கு இந்தத் தொல்லை எதற்கு? ராம் குறைவு என்பதுதான் கவலையென்றால், அந்த ஐ5 லேப்டாப்பில் கூடுதல் ராம் போட இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். பல மாடல்களில் இருக்கும். சிலவற்றில் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள்.

இன்னொன்று. கைவைக்கும் இடத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பாதீர்கள். என் தம்பிக்கு லேப்டாப் பார்க்கப் போனபோது, கீபோர்டெல்லாம் தேய்ந்து எழுத்து மங்கிக் கிடந்தது, ஐ7 ஸ்டிக்கர் மட்டும் பளபளவென்று இருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே ஆறாம் தலைமுறை ஐ5. செட்டிங்ஸ் போய், சிஸ்டம், அதன் அடியில் அபவுட் என்று அழுத்தினால் பிராசஸரின் முழுப்பெயர் வரும். கடையிலேயே, உங்கள் கையாலேயே திறந்து பாருங்கள்.

கேள்வி: வீட்டு டெஸ்க்டாப் ஐ3-8100. எட்டாம் தலைமுறைதான். ஆனாலும் விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை என்றே காட்டுகிறது. புது கணினிதான் வாங்க வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். மைக்ரோசாஃப்டின் ‘பிசி ஹெல்த் செக்’ என்ற இலவசச் செயலியை ஓட்டினால், எந்தக் காரணத்தால் தகுதியில்லை என்று சொல்லும். பிராசஸர் அல்ல, டிபிஎம் 2.0 இல்லை என்று வந்தால் பெரும்பாலும் செலவே இல்லாமல் தீர்ந்துவிடும். டிபிஎம் என்பது கடவுச்சாவிகளைப் பூட்டிவைக்கும் பாதுகாப்புப் பகுதி. உங்கள் பிராசஸரோடு வரும் இன்டெல் தளத்திலேயே அது உண்டு. பல மதர்போர்டுகளில் அணைத்து வைத்தே விற்றார்கள், அவ்வளவுதான். கணினி தொடங்கும்போதே நுழையக்கூடிய அமைப்புப் பக்கமான பயாஸில் நுழைந்து ‘பிடிடி’ (PTT) என்ற பெயரில் தேடி இயக்குங்கள். ஏஎம்டி கணினியில் இதற்கு ‘எஃப்டிபிஎம்’ (fTPM) என்று பெயர்.

நம்பகமான மென்பொருளைக் கொண்டு மட்டுமே கணினியைத் தொடங்கவிடும் செக்யூர் பூட் தடுக்கிறது என்று வந்தால் கொஞ்சம் நிதானம் வேண்டும். விண்டோஸ் பழைய லெகஸி முறையில் நிறுவப்பட்டிருந்தால், வட்டை எம்பிஆர் என்ற பழைய அமைப்பிலிருந்து ஜிபிடி என்ற புதிய அமைப்புக்கு மாற்றாமல் பயாஸில் கைவைக்கக் கூடாது. கணினி திறக்காமல் போகும். படங்களையும் ஆவணங்களையும் வெளி வட்டில் நகலெடுத்த பிறகு, பழக்கமுள்ள ஒருவரை வைத்துச் செய்யுங்கள். ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. வீட்டுக் கணினிகளுக்குக் கொடுத்த நீட்டிப்புக்கும் 2026 அக்டோபர் 13 என்று தேதி குறித்தார்கள்.

கேள்வி: விண்டோஸ் 11 கணினி வாங்கினேன். பிடிஎஃப், இணைப்பு எதைத் தொட்டாலும் மைக்ரோசாஃப்டின் எட்ஜ் பிரவுசரில்தான் திறக்கிறது. மாற்ற முடியாதா?

பதில்: முடியும். செட்டிங்ஸ், ஆப்ஸ், டிஃபால்ட் ஆப்ஸ். அங்கே உங்களுக்குப் பிடித்த பிரவுசரைத் தேர்ந்தெடுத்தால் மேலேயே ‘செட் டிஃபால்ட்’ பொத்தான் இருக்கும். தொடக்கத்தில் இது கிடையாது. ஒவ்வொரு கோப்பு வகைக்கும் தனித்தனியாக மாற்ற வேண்டியிருந்தது. பயனாளர்கள் விடாமல் முறையிட்ட பிறகு, 2022-இல் வந்த அப்டேட்டில்தான் இந்தப் பொத்தானைக் கொடுத்தார்கள். பிடிஎஃப்பைத் தனியாக மாற்றிவிடுங்கள்: அதே பக்கத்தின் மேலே உள்ள பெட்டியில் புள்ளி வைத்து பிடிஎஃப் என்று ஆங்கிலத்தில் தட்டினால், எந்தச் செயலி என்று கேட்கும்.

இதற்குப் பிறகும் ஸ்டார்ட் மெனுவில் தேடினால் விடை எட்ஜில்தான் திறக்கும். அது உங்கள் தவறு அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டதால் அந்த நாடுகளில் மட்டும் மைக்ரோசாஃப்ட் இறங்கிவந்தது. நம் கணினிகளுக்கு அந்தச் சலுகை இல்லை. பணம் கொடுத்து வாங்கியவருக்கு இந்தத் தேர்வு எல்லா நாட்டிலும் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அதுவரை, தேட வேண்டியதை நேரே உங்கள் பிரவுசரைத் திறந்து தேடுங்கள்.