கிரிப்டோ செடியை இடம் மாற்றும்போது இழுக்காதீங்க

வணக்கம் நண்பரே. மூணு வருஷமா மீன் தொட்டி நடுவில் இருக்கிற கிரிப்டோகோரைன் வென்டியை, அதாவது தண்ணிக்குள்ள வளர்ற கிரிப்டோ செடியை, மூலைக்கு மாற்றணும், மீனும் உள்ளேயே இருக்கு, செடி செத்துடுமோன்னு கேட்டிருந்தீங்க.

பெரும்பாலும் சாகாது. ஆனா ஒரு வாரத்துக்குள்ள இலையெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகி, கூழாக் கரையலாம். அதைப் பார்த்துப் பயந்து செடியைத் தூக்கிப் போட்டுடாதீங்க. மண்ணுக்குள்ள வேர்த்தண்டு உயிரோட இருக்கும், மூணு நாலு வாரத்தில் புதுத் துளிர் வரும். இலங்கை ஓடைகள்தான் இதுக்குச் சொந்த ஊர். சின்ன மாற்றத்துக்கே இலையை விட்டுடும், வேரை விடாது.

உண்மையான ஆபத்து, இழுத்துப் பிடுங்கறதில் இருக்கு. இத்தனை வருஷத்தில் வேர் கூழாங்கல்லுக்கு அடியில் பாதித் தொட்டி ஓடியிருக்கும். இழுத்தா அடியிலிருக்கிற கறுப்புச் சேறு மொத்தமா கிளம்பி மீனைத் தாக்கும். செடியைச் சுற்றி ஒரு கையகலத்தில் கத்தியை இறக்கி வேரை வெட்டுங்க. பிறகு விரலை அடியில் நுழைச்சு, மெல்ல ஆட்டி ஆட்டித் தூக்குங்க. கலங்கற தண்ணியை அப்பப்பவே குழாய் வெச்சு உறிஞ்சிடுங்க. பக்கத்தில் குட்டிச்செடி இருந்தா ஒண்ணை அங்கேயே விடுங்க.

செடியோட வந்த வேரில் மூணு விரல் அகலத்துக்கு மட்டும் விட்டுட்டு, மிச்சத்தைக் கூரான கத்தரியால் நறுக்குங்க. நசுங்கின வேர் அழுகும். புது இடத்தில் கொஞ்சம் ஆழமா நட்டு, இலை கிளம்பற கழுத்து வெளியே தெரியிற வரைக்கும் மெதுவா மேலே இழுத்து விடுங்க. கழுத்து புதைஞ்சா அழுகிடும்.

முடிச்சதும் மூணில் ஒரு பங்கு தண்ணி மாற்றுங்க, குளோரின் நீக்கினதா இருக்கட்டும். கரையற இலையை அடியோடு வெட்டி எடுங்க. அதே மாசத்தில் விளக்கையோ உரத்தையோ மாற்ற வேண்டாம்.