பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு பல இனங்கள் வாழும் நாட்டின் அரசியல் எப்படி மாறும்?

இலங்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 260-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்தியா முன்கூட்டியே எச்சரித்தும் பாதுகாப்புத் துறை கோட்டை விட்டிருந்தது. தாக்கியது ஒரு சிறிய இஸ்லாமியத் தீவிரவாதக் குழு; பழி விழுந்ததோ சாதாரண முஸ்லிம்கள் தலையில். எட்டே நாளில் முகத்தை மூடும் ஆடைக்குத் தடை. மே மாதம் வடமேல் மாகாணத்தில் கடைகளையும் பள்ளிவாசல்களையும் அடித்து நொறுக்கினார்கள். ஜூனில் முஸ்லிம் அமைச்சர்கள் கூண்டோடு பதவி விலகினார்கள். நவம்பரில், நாட்டின் பாதுகாப்பை முன்வைத்து நின்ற கோட்டாபய ராஜபக்ச ஜனாதிபதி. அச்சம் ஓட்டாக மாற ஏழு மாதம்கூட ஆகவில்லை.

எனக்கு இதைவிட உறுத்துவது 2020. கொரோனாவில் இறந்த முஸ்லிம்களைப் புதைக்க விடாமல் எரித்தார்கள், அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும்! 2021 பிப்ரவரியில்தான் அனுமதி கிடைத்தது. 2019 தாக்குதல் பற்றிய எச்சரிக்கையைக் கோட்டை விட்டதற்காக, அப்போது ஜனாதிபதியாக இருந்த சிறிசேன பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்ற தீர்ப்பு வந்தது 2023 ஜனவரியில்.