எழுத்து இரட்டையாகத் தெரியும் நாணயத்துக்கு நிஜமாகவே நல்ல விலை கிடைக்குமா?

சில நாணயங்களுக்குக் கிடைக்கும். உங்களிடம் இருப்பது அந்த ரகமா என்பதுதான் சந்தேகம். லட்சக்கணக்கில் போகும் என்று ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்குப் பாளையங்கோட்டையில் பலசரக்குக் கடை. நாணயம் வாங்கி விற்கும் வியாபாரி இல்லை, அதனால் கூட்டிக் குறைத்துச் சொல்ல எனக்கு அவசியமும் இல்லை.

கடைக்கு வாடிக்கையாக வரும் ஆச்சி ஒருவர் முந்தானையில் முடிந்திருந்த 2 ரூபாயை அவிழ்த்து நீட்டினார். பதினொரு பக்கம் உள்ள பழைய நாணயம், வருடம் 2002. "ஏய்யா, இதுல நம்பரு ரெண்டு ரெண்டா இருக்காம். லட்ச ரூவா தாரேங்கானாம். மொதல்ல பதிவுக் கட்டணம் கட்டணுமாம், பேரன் சொல்லுதான்" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. "ஒத்தப் பைசா கட்டாதீங்க ஆச்சி" என்று சொல்லிவிட்டு, பக்கத்து வாட்ச் கடையில் லென்ஸ் வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தேன்.

எண்களை ஒட்டி ஒரு நிழல் இருந்தது உண்மைதான். ஆனால் அது தட்டையாக, படிக்கட்டு மாதிரி தாழ்ந்து கிடந்தது. எண்ணின் ஓரமே நசுங்கி அப்படி ஆகியிருந்ததால் எண் மெலிந்து போயிருந்தது. நாணயம் அடிக்கும்போது அச்சு லேசாக ஆடினால் இப்படி விழும். மெஷின் டபுளிங் என்பார்கள். 2 ரூபாய் 2 ரூபாய்தான்.

விலை போவது டபுள்டு டை. அச்சைத் தயாரிக்கும்போதே உருவம் சற்று விலகி இரண்டு முறை பதிந்துவிடுவது. அதில் இரண்டு உருவமும் திரண்டு நிற்கும், எழுத்து தடித்திருக்கும், முனைகளில் பிளவு தெரியும். அந்த அச்சில் அடித்த எல்லா நாணயத்திலும் அதே இடத்தில் அதே இரட்டை வரும். அமெரிக்காவின் 1955 ஒரு சென்ட் இதற்குப் பேர்போனது, வெறும் கண்ணுக்கே தெரியும். அதே 1955இல் அச்சு தேய்ந்து கடைசி 5 மட்டும் இரட்டையாகத் தெரியும் சென்ட்டுகளும் உண்டு. அவற்றுக்குப் பெரிய விலை கிடையாது. நாணயம் சேகரிப்பவர்கள் இதில் இன்னும் நுணுக்கம் சொல்வார்கள், சொல்லட்டும். ஆச்சியின் பணத்தைக் காப்பாற்ற எனக்கு இவ்வளவு போதுமாக இருந்தது.

முன்பணம் கேட்டால் அது மோசடிதான். தன் பெயரைச் சொல்லிப் பழைய நாணய விற்பனைக்குக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்தது. அந்த வங்கி சொல்வதை யார் கேட்கிறார்கள்? 10 ரூபாய் நாணயம் 14 வடிவங்களில் வந்திருக்கிறது, எல்லாமே செல்லும் என்று 2018இலேயே சொல்லியாகிவிட்டது. இன்றைக்கும் எனக்குச் சரக்கு போடுகிறவர் அதைக் கையால் தொட மாட்டார். ஜனங்களிடம் நான் வாங்கிக்கொள்கிறேன், என்னிடம் வாங்க ஆளில்லை. இல்லாத லட்சத்தை நம்புகிறவர்கள், கையில் இருக்கும் செல்லுபடியான காசை நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

சரி, உங்கள் நாணயத்துக்கு வருகிறேன். லென்ஸில் பார்த்து எழுத்து தடித்து, முனை பிளந்திருந்தால், வருடத்துக்குக் கீழே என்ன குறி என்று பாருங்கள். எந்த ஊர் நாணயச்சாலையில் அடித்தது என்பதை அது சொல்லும். நட்சத்திரம் என்றால் ஐதராபாத், சிறு புள்ளி என்றால் நொய்டா, வைரக் குறி மும்பை, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. அதே வருடம், அதே குறியுள்ள இன்னொரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அதுவரை புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். தேய்த்த நாணயம் அசல் டபுள்டு டையாகவே இருந்தாலும் சேகரிப்பவர்கள் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்கள்.