கிரெட்ஸ்கி போன பிறகு வந்த கோப்பை

அன்புள்ள சார்,

கனடாவின் எட்மன்டன் ஆயிலர்ஸ் ஐஸ் ஹாக்கி அணியைப் பற்றிப் போன மாதம் நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, பழைய ஆட்டங்களைத் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1980களின் வெற்றியெல்லாம் வெய்ன் கிரெட்ஸ்கி என்ற ஒருவரால் வந்ததா? அப்படியென்றால் 1988இல் அவரை விற்ற பிறகு, 1990இல் ஸ்டான்லி கோப்பை எப்படி வந்தது? கோலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு அவர் என்னதான் செய்தார்? முதலில் எந்த ஆட்டத்தைப் பார்க்கலாம்?

கே.

அன்புள்ள கே.,

ஒருவரால் வரவில்லை. நீங்கள் கேட்ட அந்த 1990தான் அதற்குச் சாட்சி. ஆனால் 1979இலிருந்து தொடங்கினால்தான் அது புரியும்.

வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக் என்ஹெச்எல். அதற்குப் போட்டியாக இருந்த வேர்ல்ட் ஹாக்கி அசோசியேஷன் என்ற லீக் அந்த வருடம் மூடப்பட்டது. மூடப்பட்ட லீக்கிலிருந்து நான்கு அணிகள் என்ஹெச்எல்லுக்கு வந்தன, எட்மன்டன் அவற்றில் ஒன்று. 18 வயது கிரெட்ஸ்கி ஏற்கெனவே அணியில் இருந்தார். இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் புதிதாக வந்தவர்களுக்குக் கடைசி வரிசைதான் கிடைத்தது. எட்மன்டனின் முதல் தேர்வே 21ஆவது இடத்தில். அந்த இடத்திலிருந்து கெவின் லோ, 48இல் மார்க் மெஸ்ஸியே, 69இல் க்ளென் ஆண்டர்சன். அடுத்த வருடம் 6இல் பால் காஃபி, மறுபடியும் அதே 69இல் ஃபின்லாந்தின் யாரி குர்ரி. குர்ரிக்கு ஊரில் இன்னும் இரண்டு வருட ஒப்பந்தம் பாக்கி இருப்பதாக மற்ற அணிகள் நினைத்து விட்டுவிட்டன. ஆள் தேடும் பொறுப்பில் இருந்த பேரி ஃப்ரேசர் விசாரித்து வைத்திருந்தார். 1981இல் 8ஆவது தேர்வு கோல்கீப்பர் க்ரான்ட் ஃபியூர். மூன்றே டிராஃப்டில் ஆறு பேர், ஆறு பேரும் பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேமில். இந்த விளையாட்டில் இதற்கு இணையான அறுவடை வேறு இல்லை என்பது என் கருத்து.

கோலுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று கேட்டீர்கள். கோல் சட்டம் 6 அடி அகலம், 4 அடி உயரம். அதற்கும் பின்சுவருக்கும் இடையே அன்று 10 அடிதான் இடம். கிரெட்ஸ்கி பக்கோடு, அதாவது ஆடும் ரப்பர் வட்டோடு, அங்கே நின்றதும் கோல்கீப்பர் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தாக வேண்டும். பார்த்தால் முன்னால் யார் நிற்கிறார் என்பது தெரியாமல் போகும். டிஃபென்ஸ்காரர் ஒருவர் இடப்பக்கமாகத் துரத்தி வந்தால் கிரெட்ஸ்கி வலப்பக்கமாக வெளியே வருவார், கோல் சட்டமே அவருக்கு மறைப்புச் சுவர். இரண்டு பேர் இரண்டு பக்கமும் வந்தால் முன்னால் யாரோ ஒருவர் தனியாக நிற்கிறார் என்று அர்த்தம், பெரும்பாலும் குர்ரி. வந்த பாஸை நிறுத்தாமலே அடிப்பதில் குர்ரி கெட்டிக்காரர். கோல்கீப்பர் தலையைத் திருப்புவதற்குள் பக் வலைக்குள் இருக்கும். யாருமே துரத்தாமல் இருப்பதுதான் எதிரணிக்கு ஓரளவு பாதுகாப்பு, ஆனால் அப்படி விட்டால் கிரெட்ஸ்கிக்கு யோசிக்க நேரம் கிடைத்துவிடும். 1985-86இல் அவர் போட்டது 52 கோல், கொடுத்தது 163 அசிஸ்ட், அதாவது மற்றவர் கோல் போட உதவிய பாஸ். அசிஸ்டை எண்ணினால் எதிர்முனையில் முடித்தவர்களின் தரமும் தெரியும். அதே சீசனில் டிஃபென்ஸில் ஆடிய காஃபி 48 கோல் போட்டார். டிஃபென்ஸ்காரர் ஒருவர் ஒரு சீசனில் போட்ட கோல்களில் இன்றும் அதுதான் அதிகம்.

இவ்வளவு ஏறி ஆடினால் பின்னால் காலியாகும். ஃபியூரின் அருமை அங்கேதான். நான்கு கோல் விட்டாலும் ஐந்தாவதை விடமாட்டார் என்று நம்பித்தான் மற்றவர்கள் ஏறினார்கள். எந்தக் கணக்கிலும் இது சரியாக ஏறாது.

1986இல் இவர்கள் விழுந்த விதத்தையும் கவனியுங்கள். பிளே ஆஃப் எனும் நாக்அவுட் சுற்றில், கால்கரி அணிக்கு எதிரான தொடரின் கடைசி, ஏழாவது ஆட்டம். அதன் கடைசிப் பகுதியான மூன்றாவது பீரியட், 2-2. இளம் டிஃபென்ஸ்காரர் ஸ்டீவ் ஸ்மித் சொந்தக் கோலுக்குப் பக்கத்திலிருந்து குறுக்கே ஒரு பாஸ் அடித்தார். அது ஃபியூரின் காலில் பட்டு உள்ளே போனது. 3-2, அதோடு அந்த சீசன் முடிந்தது. சுவரோரமாகப் பக்கை அனுப்பு, சொந்தக் கோலின் முன்னால் குறுக்கே அனுப்பாதே என்று சிறுவர்களுக்கே சொல்லித்தருகிறார்கள். அவசரமாக முன்னேறுவதில் பழகிப்போன அணிக்கு அந்தக் குறுக்குப் பாஸ்தான் குறுக்குவழி. அன்று ஸ்மித்துக்குப் பிறந்தநாள் வேறு. அடுத்த வருடம் கோப்பை கைக்கு வந்ததும் கேப்டன் கிரெட்ஸ்கி அதை முதலில் கொடுத்தது ஸ்மித்திடம்.

இப்போது 1988, ஆகஸ்ட் 9. லாஸ் ஏஞ்சலீஸ் கிங்ஸுக்குக் கிரெட்ஸ்கியோடு இன்னும் இருவர் போனார்கள். பதிலுக்கு வந்தது ஜிம்மி கார்சன், மார்ட்டின் ஜெலினா, மூன்று முதல் சுற்று டிராஃப்ட் தேர்வுகள், 1.5 கோடி அமெரிக்க டாலர். பணம் உரிமையாளர் பீட்டர் பாக்லிங்டனுக்கு. ஐஸில் இறங்கி அது ஆடாது. அந்த மூன்று தேர்வுகளாலும் 1990க்கு ஒரு பயனும் இல்லை. கார்சனோ எட்மன்டனில் இருக்கப் பிடிக்காமல் 1989 நவம்பரில் டெட்ராய்ட்டுக்குப் போனார். அந்தப் பேரத்தில் வந்தவர்களில் பெட்ர் க்ளீமா, ஆடம் க்ரேவ்ஸ், ஜோ மர்ஃபி மூவரும் இருந்தார்கள். க்ரேவ்ஸ், மர்ஃபி, ஜெலினா மூவரையும் ஒரே தாக்குதல் வரிசையாக இறக்கினார் பயிற்சியாளர் ஜான் மக்லர். 'கிட் லைன்' என்று பெயர். களைத்த டிஃபென்ஸ்காரர்கள்மேல் இந்த மூன்று இளம் கால்கள் பாய்ந்ததில்தான் அந்த பிளே ஆஃப் திரும்பியது. மேலே கேப்டன் மெஸ்ஸியே, அந்த சீசனில் கோலும் அசிஸ்டும் சேர்த்து 129 பாயின்ட். ஃபியூர் அந்த சீசனில் காயத்தால் அதிகம் ஆடவில்லை, அவருக்குப் பதில் பில் ரான்ஃபர்ட். வழியில் கிரெட்ஸ்கியின் கிங்ஸையே 4-0 என்று துடைத்துவிட்டுப் போனார்கள்.

ஆக, அணியை முடித்தது கிரெட்ஸ்கியை விற்றதல்ல. 1991இல் ஃபியூர், ஆண்டர்சன், மெஸ்ஸியே என்று வரிசையாக அனுப்பியதுதான் முடித்தது. சம்பளம் கட்டுப்படியாகாத சிறிய ஊர். 1993 முதல் 1996 வரை நான்கு வருடம் பிளே ஆஃப் வாசலையே மிதிக்கவில்லை. 1994இல் கோப்பை வென்ற நியூயார்க் ரேஞ்சர்ஸில் பழைய ஆயிலர்ஸ் ஏழு பேர். இப்போதோ ஒவ்வோர் அணிக்கும் சம்பள உச்சவரம்பு இருக்கிறது. அதனால் எட்மன்டனின் இன்றைய நட்சத்திரங்கள் கானர் மெக்டேவிட், லியோன் ட்ரைசைட்ல் இருவரையும் தக்கவைத்துக்கொண்டு மீதி இடங்களை மலிவாக நிரப்ப வேண்டியிருக்கிறது. 2024, 2025 இரண்டு இறுதிகளிலும் ஃப்ளோரிடா அணியிடம் தோற்றதை இந்தக் கணக்கை வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டிய ஆட்டம்: 1990 இறுதியின் முதல் ஆட்டம், பாஸ்டன் கார்டனில். எதிரணிக் கோல்கீப்பர் ஆண்டி மூக், எட்மன்டனின் 1980 டிராஃப்டில் 132ஆவது தேர்வு. 1988இல் அவரை பாஸ்டனுக்குக் கொடுத்து வாங்கியவர்தான் இந்தப் பக்கம் நிற்கும் ரான்ஃபர்ட். ரே போர்க் மூன்றாவது பீரியடில் இரண்டு கோல் போட்டு 2-2 ஆக்குவார். கூடுதல் நேரம் ஒன்று, இரண்டு, மூன்று என்று நள்ளிரவைத் தாண்டிப் போகும். எல்லோருடைய கால்களும் இழுக்க ஆரம்பித்த பிறகு, அதுவரை பெஞ்சிலேயே பெரும்பாலும் உட்கார வைக்கப்பட்டிருந்த க்ளீமா இறங்குவார். 115 நிமிடம் 13 விநாடி ஆகியிருக்கும். குர்ரி கொடுக்க, க்ளீமா அடித்தது மூக்கின் கால்களுக்கு இடையே போகும். அந்த கோலுக்கு இரண்டு நிமிடம் முன்பிருந்து ஓட்டி, க்ளீமா ஐஸில் வந்து சறுக்கும் வேகத்தைப் பாருங்கள்.