மருமகள் வாங்கிவரும் புதுக் காய்கள்: எது ஆகும், எது ஆகாது?

கேள்வி: எனக்கு வயது 56. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறோம். எட்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. மெட்ஃபார்மினும், கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடினும் சாப்பிடுகிறேன். கணவருக்கு 63 வயது. கிரியாட்டினின் 2.6 என்கிறார்கள், டயாலிசிஸ் எதுவும் இல்லை. மருமகள் பெரிய மார்க்கெட்டிலிருந்தும் ஆரோவில் பக்கத்துக் கடைகளிலிருந்தும் சுக்கினி, புராக்கோலி, அவகாடோ, டிராகன் பழம், ஸ்டார் ஃப்ரூட் என்று வாங்கி வருகிறாள். ஆசையாக வாங்கி வருவதை வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. எப்படிச் சமைப்பது என்றும் தெரியவில்லை. எங்களுக்கு எதெல்லாம் ஆகும் டாக்டர்?

பதில்: ஸ்டார் ஃப்ரூட்டை மட்டும் உங்கள் கணவர் தொடவே கூடாது அம்மா. பழமாக, ஜூஸாக, ஊறுகாயாக, எந்த வடிவிலும் வேண்டாம். மற்றவற்றைப் பற்றி நிதானமாகப் பேசலாம். இதை இன்றைக்கே வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

அந்தப் பழத்தில் காரம்பாக்சின் என்ற நரம்பு நச்சு இருப்பதை 2013-இல் பிரேசில் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். சிறுநீரகம் நன்றாக வேலை செய்பவர்களுக்கு அது சிறுநீரில் வெளியேறிவிடும். கிரியாட்டினின் 2.6 இருப்பவருக்கு, அதாவது சிறுநீரகம் கழிவைச் சரியாக வெளியேற்றாதவருக்கு, அது உடம்பிலேயே தங்கி மூளையைத் தாக்கும். பெரும்பாலும் முதலில் வருவது விடாத விக்கல். அப்புறம் வாந்தி, குழப்பமான பேச்சு, வலிப்பு. உயிரே போகலாம். தெரியாமல் சாப்பிட்டுவிட்டு விக்கல் வந்தால், சர்க்கரையும் தண்ணீரும் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஜிப்மர் மாதிரி டயாலிசிஸ் வசதி உள்ள இடத்துக்கு உடனே போய், என்ன சாப்பிட்டார் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அந்த நச்சை டயாலிசிஸ் மூலம் வெளியேற்ற முடியும்.

நீங்களும் அவசரப்பட வேண்டாம். எட்டு வருடச் சர்க்கரை சத்தமில்லாமல் சிறுநீரகத்தைத் தொட்டிருக்கலாம். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதமும் ரத்தத்தில் கிரியாட்டினினும் பார்த்து, இரண்டும் சரியாக இருந்தால், சாப்பாட்டுக்குப் பிறகு ஓரிரு துண்டு போதும். வெறும் வயிற்றில் டம்ளர் டம்ளராக ஜூஸ் குடித்து, நல்ல சிறுநீரகமே பழுதானவர்கள் உண்டு. நம் ஊரில் கொல்லையில் கிடைக்கும் புளியாரைக்கும் இந்தப் பழத்துக்கும் ஒரே குடும்பம். இந்தப் புளிப்பில், சிறுநீரகத்தில் படிந்து கெடுக்கும் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம். அதே குடும்பத்து இரும்பன் புளியின் சாற்றைக் கொழுப்பு குறையும் என்று நம்பிக் குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் திடீரென்று செயலிழந்ததைக் கேரள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இப்படி உறவு பார்ப்பது சமையலுக்கும் உதவும். புதுக் காய் வந்தால், நமக்குத் தெரிந்த எந்தக் காய்க்கு அது சொந்தம் என்று மருமகளிடம் கேளுங்கள். பக்குவமும் தெரியும், எச்சரிக்கையும் தெரியும். தென்னமெரிக்காவிலிருந்து வந்த முந்திரி இன்று பண்ருட்டியின் அடையாளமாகிவிட்டது. சுக்கினியும் நம் அடுப்புக்குப் பழகிவிடும்.

சுக்கினி பூசணி இனம். சுரைக்காய்க் கூட்டு வைப்பதுபோலவே வைக்கலாம். தோல் சீவ வேண்டாம். பாசிப்பருப்பைத் தனியாக வேகவைத்துக்கொண்டு, தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் அரைத்துவிட்டு, காயைக் கடைசி ஐந்து நிமிடம் மட்டும் போடுங்கள். முன்னாலேயே போட்டால் நீர் விட்டுக் குழைந்துவிடும். உப்பும் கடைசியில்தான். ஆனால் நறுக்கும்போதே ஒரு சிறு துண்டை நுனிநாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் எறியுங்கள். கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து நம் நாட்டில் உயிரே போயிருக்கிறது. சுக்கினி கசப்பதும் அதே வகை நச்சால்தான். வேகவைத்தாலும் அது போகாது. காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று பார்க்காதீர்கள்.

புராக்கோலி காலிஃபிளவரின் சொந்தம். மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் ஒரு நிமிடம் அலசி எடுத்து, வெங்காயம், மிளகு, கொஞ்சம் தேங்காயோடு மூடி வைத்து நான்கு நிமிடம் வதக்கினால் போதும். பச்சை நிறம் மங்கும்வரை வேகவிட்டால் வாடையும் வரும், வைட்டமின் சியும் போகும். தண்டைத் தூக்கிப் போடாமல் தோல் சீவிப் பொடியாக நறுக்கிச் சேருங்கள். எனக்கு அதன் பூவைவிடத் தண்டுதான் ருசி.

டிராகன் பழம் கள்ளி இனம். உங்களுக்குப் பாதிப் பழம் போதும், ஜூஸாக வேண்டாம். சிவப்புச் சதை உள்ள பழம் சாப்பிட்டால் மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போகலாம், பயப்பட வேண்டாம். பழம் சாப்பிடாத நாளிலும் அப்படிப் போனால் உடனே காட்டுங்கள்.

அடோர்வாஸ்டாடின் சாப்பிடும் நீங்கள் பம்பளிமாஸ், கிரேப்ஃப்ரூட் இரண்டையும் தவிர்ப்பது நல்லது. அவை அந்த மாத்திரையின் அளவை ரத்தத்தில் கூட்டிவிடும். தசைவலி, தசைச் சேதம் வர வாய்ப்புண்டு. சாத்துக்குடியில் இந்தத் தொல்லை இல்லை.

அவகாடோ உங்களுக்கு நல்லது. சர்க்கரை மிகக் குறைவு, கொழுப்பும் நல்ல வகை. கடையில் சர்க்கரையும் பாலும் அடித்துத் தரும் பட்டர் ஃப்ரூட் ஜூஸ் வேறு கதை, அது வேண்டாம். சதையை மசித்து, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், எலுமிச்சை, உப்பு சேர்த்தால் சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ளலாம். அடுப்பில் வைத்தால் கசந்துவிடும்.

கணவருக்கு அது சரிப்படுமா என்பதை இப்போது என்னால் சொல்ல முடியவில்லை. 100 கிராம் அவகாடோவில் 480 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது ரத்தத்தில் சேர்ந்துவிடலாம். நீங்கள் கிரியாட்டினினை எழுதியிருக்கிறீர்கள், பொட்டாசியத்தை எழுதவில்லை. இந்த வாரமே அதைப் பார்த்து, அவருடைய சிறுநீரக மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை அவருக்கு அவகாடோவும் டிராகன் பழமும் வேண்டாம். பொட்டாசியம் குறைய, அவருக்கான காய்களைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளித்துக் கொடுங்கள்.