புளியரையில் டீசல், செவ்வாயில் ஆக்சிஜன்

அன்புள்ள அண்ணாச்சி,

செவ்வாய்க் கிரகத்தில் நாசாவின் மாக்ஸி என்ற மெஷின் ஆக்சிஜன் தயாரித்ததைப் பற்றி நீங்கள் எழுதியதை வண்டிக்குள் உட்கார்ந்து படித்தேன். பாவூர்சத்திரத்திலிருந்து கொல்லத்துக்குக் காய்கறி லோடு அடிக்கிறவன் நான். இரண்டு வருஷம் ஓட்டி 122 கிராம்தானாம். ஒரு சின்ன நாய்க்குப் பத்து மணி நேரத்துக்குத்தான் காணும். இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? கூட நாலு சிலிண்டர் ஏற்றிக்கொண்டு போனால் தீர்ந்ததே. இதே மெஷினை நிலாவில் வைக்கலாமா?

மு., பாவூர்சத்திரம்

அன்புள்ள தம்பி,

நாய்க் கணக்கு சரிதான். ஆனால் அந்த ஆக்சிஜன் முக்கியமாக மூச்சுக்கு இல்லை. நாலு பேர் ஒரு வருஷம் அங்கே தங்கினாலும் மூச்சுக்கு ஏறக்குறைய ஒரு டன் போதும். அதே நாலு பேரை அங்கிருந்து கிளப்ப, நாசா மதிப்பீட்டின்படி, 7 டன் எரிபொருளும் அதை எரிக்க 25 டன் ஆக்சிஜனும் வேண்டும். லாரி எஞ்சின் காற்றை வெளியிலிருந்து சும்மா இழுத்துக்கொள்கிறது; ராக்கெட் அதையும் சுமந்தாக வேண்டும். நம்ம மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதிக்கிற கிரையோஜெனிக் ராக்கெட் எஞ்சினும் (கடுங்குளிரில் திரவமாக்கிய வாயுக்களில் ஓடுவது) ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 5 கிலோ ஆக்சிஜன் குடிக்கிறது.

கேரளப் பக்கம் ஆரியங்காவு தாண்டினால் டீசல் விலை கூட என்று நம்ம எல்லையில் புளியரையிலேயே டேங்கை ஃபுல் பண்ணிக்கொள்வீர்கள், திரும்பி வரவும் சேர்த்து. நூறு லிட்டர் கூடினால் எஸ் வளைவில் வண்டிக்குத் தெரியவா போகிறது? ராக்கெட்டுக்குத் தெரியும். திரும்புவதற்கான ஒவ்வொரு கிலோவையும் அங்கே கொண்டு இறக்க, இங்கே அதுபோலப் பல மடங்கு எரிக்க வேண்டும். செவ்வாயில் ஓடிய வண்டிகளிலேயே கனமான, நாசாவின் பெர்சிவரன்ஸ் எடை ஒரு டன்தான். 25 டன்னை யார் இறக்குவது?

அந்த வண்டியின் வயிற்றுக்குள் இருந்ததுதான் மாக்ஸி. செவ்வாய்க் காற்றில் 95 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. ஆனால் ரொம்ப மெலிசு, அழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதைத் தூசி வடிகட்டி இழுத்து, அமுக்கி, 800 டிகிரிச் சூட்டில் பீங்கான் தகடுகளுக்குள் விடும். மின்சாரம் பாய்ந்தால் ஆக்சிஜன் மட்டும் தகட்டை ஊடுருவி மறுபக்கம் போகும்; கார்பன் மோனாக்சைடு வெளியேறிவிடும். மின்னழுத்தத்தைக் கொஞ்சம் அதிகம் ஏற்றிவிட்டால் மோனாக்சைடும் உடைந்து தகட்டில் கரி அப்பிக்கொள்ளும். அரிக்கேன் சிம்னியைத் துடைப்பதுபோலத் துடைக்க அங்கே ஆள் ஏது? 2021 ஏப்ரலிலிருந்து 2023 ஆகஸ்ட் வரை, இரவு பகல், பருவம் மாறி மாறி, 16 தடவை அதை ஓட்டினார்கள். 98 சதவீதத் தூய்மையில் மணிக்கு 12 கிராம் வரை தந்தது. என்னை அசத்தியது இதுதான், மொத்த எடை இல்லை.

அந்த வேகத்தில் 25 டன் சேர 238 வருஷம் ஆகும், நீங்கள் சிரிக்கலாம். 200 மடங்கு பெரிதாகக் கட்டினால் 14 மாதம். அதற்கான மின்சாரத்துக்கு வழி பண்ணுவது தனித் தலைவலி. எரிபொருளான மீத்தேனையும், ஹைட்ரஜன் கிடைத்தால், அதே காற்றிலிருந்து நிக்கல் வினையூக்கி வைத்துச் செய்துகொள்ளலாம். பூமியிலிருந்து செவ்வாய்க்குக் கிளம்பத் தோதான நேரம் 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். ஆகவே முதல் தடவை மெஷின் போகும். டேங்க் நிரம்பிவிட்டது என்று தகவல் வந்தால்தான் அடுத்த தடவை ஆள் ஏறுவார்கள்.

நிலாவில் இது ஆகாது, அங்கே இழுக்கக் காற்றே இல்லை. நிலா மண்ணின் எடையில் 40 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன்தான் என்றாலும் கல்லோடு கல்லாகப் பிணைந்து கிடக்கிறது. அதைப் பிரிப்பது வேறு கதை. அடுத்த லோடு முடித்துவிட்டு எழுதுங்கள், பேசுவோம்.