பெங்களூருவில் புது வீடு வாங்கிவிட்டோம், அல்சூரில் இருக்கும் பழைய வீடு விற்கவில்லை. இரண்டாவது வீட்டுக்கும் வரி கட்ட வேண்டுமா?

எட்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் வரியா என்று கேட்டிருக்கிறீர்கள். மாநகராட்சியின் சொத்து வரி பூட்டிய வீட்டுக்கும் உண்டு, அதில் தப்ப வழியில்லை. வருமான வரியில் கவலை வேண்டாம். வாடகைக்கு விடாத இரண்டு வீடுகள் வரை வருமானம் பூஜ்யம் என்றே காட்டலாம். மூன்றாவது வீடு இருந்தால்தான் வராத வாடகைக்கும் கணக்குச் சொல்ல வேண்டும்.

உங்களுக்கு நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. பழைய வீட்டை விற்று வரும் லாபத்துக்கு வரி 12.5 சதவீதம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்றால், விலைவாசி உயர்வைக் கழித்து 20 சதவீதம் என்று போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். லாபத்தைப் புது வீட்டில் போட்டதாகக் காட்டினால் அந்த வரியும் மிச்சம். 54-ஆம் பிரிவு என்று நாம் சொல்லிவந்த சலுகை அதுதான். ஆனால் புது வீட்டை முதலில் வாங்கியவர்கள் ஒரு வருடத்துக்குள் பழையதை விற்றாக வேண்டும். உங்களுக்கு இன்னும் நான்கு மாதம்தான்!

ஜீவன்பீமாநகர் வீட்டை வைத்துக்கொண்டு நானும் இப்படித் தவித்தேன். வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது இ-காதா, அதாவது வீடு யார் பெயரில் இருக்கிறது என்று மாநகராட்சி தரும் மின்னணுச் சான்று. 2024 அக்டோபரிலிருந்து இங்கே அது இல்லாமல் பத்திரம் பதிய முடியாது. வரி பாக்கியைத் தீர்த்து, அதை முதலில் கையில் வாங்குங்கள். அப்புறம் விலையைக் கொஞ்சம் இறக்கிப் பேசுங்கள். குறைக்கும் தொகையையும், அந்த ஒரு வருடக் கெடுவைத் தவறவிட்டால் கட்டப்போகும் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.